திரைக்கு முதுகு காட்டி நின்றவர்கள்

ஈஞ்சம்பாக்கத்துப் பிரார்த்தனா திறந்தவெளித் திரையரங்கு இப்போது இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த இடத்தைக் கடக்கும்போது பெருமூச்சு விடுகிறார்கள். இணையத்திலும் இதழ்களிலும் அதைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் நிறைய வந்துவிட்டன. அப்பாவின் பழைய ஃபியட், அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை, கார் அருகே விரித்த பாய், உப்புக் காற்று என்று எல்லாம் இருக்கின்றன. இவற்றை வாசிக்கும்போது எங்களுக்கு ஒரு சிறு உறுத்தல். அந்தக் காரை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னவன் எவன் என்று ஒரு குறிப்பிலும் இல்லை.

நாங்கள் பெரும்பாக்கத்துக்காரர்கள். ஏரியும் சதுப்பும் சூழ்ந்த சிற்றூராக அது இருந்த நாட்களில், மாலையானால் மிதிவண்டியில் சோழிங்கநல்லூர் வந்து, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, அக்கரையில் வடக்கே திரும்பி, கடலோரத் திறந்தவெளிக் கொட்டகையில் சில பருவங்கள் வேலை பார்த்தவர்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. கையில் டார்ச். வேனையும் ஜீப்பையும் பின்வரிசைக்கு அனுப்புவது, தாழ்ந்த கார்களை முன்னால் விடுவது, முகப்பு விளக்கை அணைக்காத ஆசாமியிடம் பணிவாகப் போய்ச் சொல்வது. படம் முடிந்ததும் பாட்டரி இறங்கிப்போன வண்டியைத் தள்ளிவிடுவதும் எங்கள் வேலைதான். விளக்கையும் பாட்டையும் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் பாட்டரி என்னவாகும்? இரவு ஒரு மணிக்கு மணலில் அம்பாசிடர் தள்ளியவனுக்கு அன்று ஓடிய படத்தின் முடிவு நினைவிருக்காது. காரின் எடை நினைவிருக்கும்.

நாங்கள் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பெரும்பாலும் திரைக்கு முதுகு காட்டித்தான் நின்றோம். பார்த்ததெல்லாம் முகங்கள். சண்டைக் காட்சியில் செம்மையும், இரவுக் காட்சியில் நீலமும், வெள்ளைச் சட்டைக்காரன் திரையை நிறைத்தால் வெண்மையுமாக அந்த முகங்கள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 2008இல் 'ஷிரின்' என்றொரு படம் எடுத்தார். திரையை ஒருமுறையும் காட்டாமல், படம் பார்க்கும் பெண்களின் முகங்களை மட்டுமே காட்டுகிற படம். சோதனை முயற்சி என்று அதைக் கொண்டாடினார்கள். டிக்கெட் கிழிப்பவர்களுக்கும் டார்ச் அடிப்பவர்களுக்கும் அது அன்றாடம்.

காருக்குள்ளிருந்து படம் பார்க்கும் இந்த ஏற்பாட்டுக்கு 1933இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் காப்புரிமை பெற்றவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். 1950களின் இறுதியில் அங்கே ஏறத்தாழ நாலாயிரம் அரங்குகள் இருந்தன. இந்தியாவில் அகமதாபாத் அரங்கு 1973இல் வந்தது. கார் வாங்கியவனுக்கு, காரை விட்டு இறங்காமலே கிடைக்கும் கேளிக்கை அது. நம் ஊர்க் கொட்டகையின் மரபோ வேறு. 1905இல் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினாரே, அங்கிருந்து தொடங்குவது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள்தான் ஈஞ்சம்பாக்கத்தில் கார் பக்கத்தில் பாய் விரித்தார்கள். அமெரிக்கச் சரக்கைத் தமிழன் தரை டிக்கெட்டாக மாற்றிக்கொண்டான் என்றே எங்களுக்குத் தோன்றும்.

இரண்டு கொட்டகைகளுக்கும் முதலாளி ஒருவரே: இருட்டு. பொழுது சாயாமல் படம் போட முடியாது. பௌர்ணமியன்று திரை வெளிறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்தபடியே வேலை நடக்கும். இதையெல்லாம் கணக்கில் வைத்துத் திரையில் வெளிச்சம் குறையாமல் காத்தவர் ஆபரேட்டர். பழைய கருவிகளில் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் சுடர்தான் படத்துக்கு ஒளி. குச்சிகள் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். கவனம் பிசகினால் திரை மஞ்சளாகும், கொட்டகை விசிலடிக்கும். திரையின் மேல்மூலையில் கண நேரம் தோன்றும் புள்ளியைப் பார்த்து அடுத்த கருவிக்கு மாற்றவேண்டும். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. தவறினால் மட்டுமே அவர் இருப்பது தெரியும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் படப்பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது, அந்தக் கைத்திறனுக்கு வேலையில்லாமல் போயிற்று. அரங்குகள் இடிபடுவதற்கு முன்பே அவர்களின் தொழில் போய்விட்டது.

எங்கள் வருத்தம் இதுதான். தமிழில் சினிமாவைப் பற்றிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. நட்சத்திரங்களைப் பற்றி எழுதினோம், பாடல்களைப் பற்றி எழுதினோம், அரசியலைப் பற்றி எழுதித் தீர்த்தோம். ஸ்டூடியோவின் நிழலில் வாழும் மனிதர்களுக்கு அசோகமித்திரன் 'கரைந்த நிழல்கள்' கொடுத்தார். தியடோர் பாஸ்கரன் வரலாற்றைத் தேடித் தொகுத்தார். வசந்தபாலனின் 'வெயில்' (2006) ஓர் ஆபரேட்டரைக் கதையின் நடுவே நிறுத்தியது. ஆனால் படத்தைக் கடைசி மனிதனுக்குக் காட்டியவர்கள் தம் வாயால் சொன்ன பதிவு அரிதினும் அரிது. பார்வையாளனின் நினைவையே சினிமாவின் நினைவு என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இப்படிச் சொல்வதில் ஒரு சுயநலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் நினைவும் தேய்கிறது. எங்களுக்குள்ளேயே ஒருவர் நிகழ்ச்சி வேறாகச் சொல்கிறார், மற்றவர் மறுக்கிறார். ஊரும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. பெரும்பாக்கத்தில் இன்று அடுக்கடுக்காகக் குடியிருப்புகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களும் தத்தம் பேட்டைக் கொட்டகையை விட்டுவிட்டு வந்தவர்கள்தாம். டிக்கெட் கிழித்தவரும், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவரும், இடைவேளையில் முறுக்குத் தட்டு சுமந்தவரும் எந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

வாசக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழைய தியேட்டரைப் பற்றி எழுத உட்காரும்போது, அங்கே வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். எந்தப் படம் பிடிக்கும் என்று கேட்காதீர்கள். முதல் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் நடுவே எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அங்கிருந்து அவர் பேச ஆரம்பிப்பார்.