49 வாக்குகளின் மதிப்பு

2001 முதல் 2021 வரை, இடைத்தேர்தல் உட்பட ஆறு முறை, முதலில் அ.தி.மு.க. சார்பிலும் பின்னர் தி.மு.க. சார்பிலும் அனிதா ராதாகிருஷ்ணனையே தேர்ந்தெடுத்த திருச்செந்தூர்த் தொகுதி வெளிப்பார்வைக்குப் போட்டியற்றதெனத் தோன்றினும், 2011-இல் அவருடைய வெற்றி சில நூறு வாக்குகளையே பற்றி நின்றதென்பதை நினைவுகூர்வோர், எந்தத் தொகுதியும் எவருக்கும் சாசுவதமான சொத்தன்று என்பதை உணர்வர்.

அதற்குத் தென்மேற்கே இராதாபுரத்தில், 2016 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் அப்பாவுவை அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை வென்றது 49 வாக்குகளில். தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டது குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் ஆணையிட்டபடி மறு எண்ணிக்கை நடந்தும், உச்ச நீதிமன்றத்தின் தடையால், அச்சட்டமன்றத்தின் ஆயுட்காலம் முடியும்வரை அதன் முடிவு பிரசித்தமாகவில்லை.

ஒரு தேர்தலை நாம் ஆவலோடு நோக்கத்தக்கதாக்குபவை, முடிவு முன்கூட்டியே நிச்சயமாகாமையும், கட்சியபிமானத்தையும் சாதியபிமானத்தையும் கடந்து மனத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வாக்காளருக்கு இருத்தலும், எண்ணிக்கையில் எழும் சந்தேகம் பதவிக்காலத்துக்குள்ளேயே தீர்தலுமாகிய மூன்றுமே ஆகும். முதலிரண்டையும் இப்பிரதேசத்து மக்கள் அளித்துவிட்டனர். தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்திற்குள் முடிக்க முயல வேண்டுமென்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுவதை மெய்யாக்கி, மூன்றாவதை அளிப்பது நீதிமன்றங்களின் தலையாய கடமை.