ஓடுற வண்டி நின்னா அது சின்ன பிரச்சினை இல்லீங்க!

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆனா இந்த விஷயத்தை எழுதாம விட்டா மனசு ஆறாது.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச கதைதான். டெஸ்டர் ஒரு பக் போடுவார். டெவலப்பர் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது"ன்னு மூடிடுவார். அடுத்த மாசம் அதே பக் கஸ்டமர் தலையில விடியும். கார் சர்வீஸ் சென்டர்லயும் இதே பொழப்புதான் நடக்குது. என்ன, இங்க விடியறது உயிர் மேல.

மந்தைவெளியில இருக்கற நண்பர் ஒருத்தரோட கார், ஒரே மாசத்துல மூணு தடவை ஓடும்போதே அணைஞ்சு போச்சு. ஒரு தடவை அடையாறு திரு.வி.க. பாலத்து மேல, பின் சீட்ல அவர் அம்மா, பின்னாடி மாநகரப் பேருந்து. சர்வீஸ்ல சொன்ன பதில்கள் வரிசையா: "பெட்ரோல் பங்க்கை மாத்துங்க சார்", "கிளட்சை சீக்கிரம் விட்டிருப்பீங்க", கடைசியா "நாங்க ஓட்டிப் பாத்தோம், ஒண்ணும் இல்லை". ஜாப் கார்டுல எழுதினது என்ன தெரியுமா? ஜெனரல் செக்கப். அவ்ளோதான்!

இன்ஜின் நின்னா வண்டி சும்மா ஓரமா ஒதுங்கிடும்னு நினைக்காதீங்க. பிரேக்குக்கு உதவுற வெற்றிடம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் தாங்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பல வண்டிகள்ல ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். அண்ணா மேம்பாலத்து இறக்கத்துல இதை யோசிச்சுப் பாருங்க.

சரி, பெட்ரோல் மேல பழி போடறாங்களே, அது நிஜமா? சில சமயம் இருக்கலாம். ஆனா பெட்ரோல் பம்ப்பே காரணமா இருந்த கதை ஒண்ணு இருக்கு. டேங்குக்குள்ள இருக்கற பம்ப்ல சின்னதா ஒரு பிளாஸ்டிக் சக்கரம் சுத்தும். அந்த பிளாஸ்டிக் தரமில்லைன்னா எரிபொருளைக் குடிச்சு உப்பிடும், பக்கத்துல உரசும், ஒரு கட்டத்துல சுத்தறதை நிறுத்திடும். ஆறினதும் மறுபடி சுத்தினாலும் சுத்தும். பல கார்கள்ல பம்ப் அழுத்தத்தை அளக்க சென்சாரே கிடையாது, அதனால ஸ்கேனர் மாட்டினாலும் ஒண்ணும் காட்டாம போகலாம். "ஒண்ணும் இல்லை"ங்கற பதில் இப்படித்தான் பொறக்குது.

ஹோண்டா இந்தியாவுல 2020 ஜூன்ல 65,651 கார்களைத் திரும்பக் கூப்பிட்டது இந்த பம்ப்புக்காகத்தான். 2021ல இன்னும் 77,954. 2024 அக்டோபர்ல 90,468, அதுல பெரும்பாலானவை 2017-18ல செஞ்ச வண்டிகள். மாருதியும் 2020ல வேகன்ஆர், பலேனோ சேர்த்து 1,34,885 வண்டிகளை பம்ப்புக்காகக் கூப்பிட்டுச்சு. கம்பெனிகள் தானா முன்வந்து செஞ்சது நல்ல விஷயம், பாராட்டணும்.

கூப்பிடாம விட்டா என்ன ஆகும்னு அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் காட்டிச்சு. சாவி ஸ்விட்ச் தளர்வா இருந்ததால ஓடும்போதே இன்ஜின் அணைஞ்சுது, ஏர்பேகும் வேலை செய்யலை. ஓட்டினவங்க பல வருஷம் புகார் சொன்னாங்க. கம்பெனிக்குள்ள அதை 'வாடிக்கையாளர் வசதி' சம்பந்தப்பட்ட விஷயம்னு வகைப்படுத்தி வெச்சிருந்தாங்க. 2014ல சுமார் 26 லட்சம் வண்டிகளைக் கூப்பிடறதுக்குள்ள காலம் கடந்து போச்சு. இழப்பீட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124. தப்பான தலைப்புல போட்ட ஒரு புகாரோட விலை இது.

நம்ம ஊர்லயும் இப்ப சட்டம் இருக்கு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல வந்த கட்டாய ரீகால், 2021 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறையில இருக்கு. வண்டி செஞ்சு ஏழு வருஷத்துக்குள்ள இருக்கணும். ஆனா இதுல எண்ணிக்கைதான் சூட்சுமம். நிறைய விக்கிற மாடல்னா ஆயிரத்துக்கும் மேல புகார் சேரணும். நண்பரோட 'ஜெனரல் செக்கப்' அந்தக் கணக்குல வருமா? வராது!

சர்வீஸ் அட்வைசரையும் முழுசா குத்தம் சொல்லலை. அவர் ஓட்டும்போது நிக்கலைன்னா அவர் பாவம் என்ன பண்ணுவார்? கண்டுபிடிக்க முடியலைன்னா பரவாயில்லை. ஆனா நடந்ததை நடந்ததா எழுதணும். "ஓடும்போது இன்ஜின் நின்றது, இந்தத் தேதி, இந்த இடம், இவ்வளவு வேகம்"னு ஜாப் கார்டுல ஏத்தாம கையெழுத்துப் போடாதீங்க. அரசோட வாகன் தளத்துலயும் புகார் பதிங்க. கம்பெனி தளத்துல சேசிஸ் நம்பரைப் போட்டு உங்க வண்டி ரீகால்ல இருக்கான்னு பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

"எனக்கு மட்டும்தான் இப்படி ஆகுது"ன்னு ஆயிரம் பேர் தனித்தனியா நினைச்சுட்டு இருந்தா, யாருக்கும் எதுவும் ஆகலைன்னுதான் கணக்குல நிக்கும்.

டிஸ்கி: நடு ரோட்டுல நின்னா முதல்ல ஹசார்ட் லைட்டைப் போட்டு, ஆளுங்களைப் பத்திரமா ஓரத்துக்குக் கொண்டு போங்க. சண்டை, ஜாப் கார்டு எல்லாம் அப்புறம்.