எதிர்ப்புச் சக்தி யாருக்கு?



கோழி இறைச்சியில் உள்ள கிருமிகளைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். காரணம் ஒரு சொல். 'எதிர்ப்புச் சக்தி' என்பதை நாம் இரு பொருள்களில் ஆள்கிறோம். கீரை உண்டால் எதிர்ப்புச் சக்தி வளரும் என்று வகுப்பில் சொல்கிறோம், அது நன்மை. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெருகிவிட்டது என்று செய்தியில் படிக்கிறோம், அது பெருங்கேடு. முதலாவது நம் உடலுக்கு உரியது, இரண்டாவது பாக்டீரியாவுக்கு உரியது. இவ்வேறுபாடு பலருக்கு விளங்கவில்லை என்பதைப் பெற்றோர் சந்திப்புகளில் கண்டு வருகிறேன். "பிள்ளை உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு டீச்சர்" என்றார் ஒரு தாயார். பழகியது பிள்ளையின் உடம்பு அன்று. உடம்பினுள் புகுந்த கிருமி.

நூல்களில் காணும் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்ற சொல்லும் உதவுவதாகத் தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு எழுதினால் 'நுண்ணுயிர் எதிர்ப்பிக்கு எதிரான எதிர்ப்பு' என்று நாக்கு தடுமாறுகிறது. 'நுண்ணுயிர்க்கொல்லி' ஓரளவு பரவாயில்லை.

சொல் குழம்பினால் பயமும் தவறான இடத்தில் போய் நிற்கிறது. "கோழியில் மருந்து இருக்கிறது" என்றே பெற்றோர் அஞ்சுகின்றனர். இறைச்சியில் எஞ்சும் மருந்து ஒரு சிக்கல். அந்த மருந்துக்குத் தப்பி வாழும் கிருமி வேறொரு சிக்கல். நான் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி.

அது உருவாகும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில், நோய் தீர்ப்பதற்கு மட்டுமன்றிக் குஞ்சுகள் விரைவில் பருப்பதற்காகவும் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் வழக்கம் இருந்தது. சில இடங்களில் இன்றும் இருக்கிறது. நாள்தோறும் சிறிதளவு மருந்து சேரும்போது வலுவற்ற பாக்டீரியா மடிகிறது. தாங்கி நின்றது பெருகுகிறது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், பன்றிகளிலும் கடைகளில் விற்ற இறைச்சியிலும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டனர். வேறு மருந்துகள் பலிக்காதபோது மருத்துவர்கள் நாடும் கொலிஸ்டினையே செயலற்றதாக்கும் மரபணு அது. ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் வல்லது. அதன் பின்னரே அரசுகள் விழித்துக்கொண்டன. மலேசியா 2019 ஜனவரியிலும், இந்தியா அதே ஆண்டு ஜூலையிலும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தன. ஐரோப்பிய ஒன்றியமோ, வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை 2006இலேயே நிறுத்திவிட்டது.

மார்சிலிங்கிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் ஜோகூர் தெரியும். 2021இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. 2022 ஜூனில் அந்நாடு ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். பிரேசிலிலிருந்து உறைந்த கோழி வருகிறது. ஆக, பண்ணைகளில் பெரும்பாலானவை நம் எல்லைக்கு வெளியே உள்ளன. 2017இல் சிங்கப்பூர் இதற்கெனத் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் ஆகிய யாவற்றையும் அது ஒன்றாகவே நோக்குகிறது. ஆயினும், 2018இல் வெளியான ஓர் ஆய்வு இங்குள்ள சில்லறைக் கடைகளில் வாங்கிய பச்சைக் கோழி இறைச்சியில் சால்மொனெல்லாவைக் கண்டறிந்தது. அவற்றுள் மருந்துகளுக்கு அடங்காதவையும் இருந்தன.

இதற்குத் தீர்வாகக் கூடுதல் விலை கொடுத்துக் கம்பத்துக் கோழியோ, 'ஆன்டிபயாடிக் இல்லை' என்று அச்சிட்ட பொட்டலமோ வாங்குவோர் பலர். வாங்கட்டும், அத்தகைய பண்ணைகள் பெருகுவது நல்லதே. ஆனால் அந்த எழுத்து கோழி வளர்ந்த முறையைச் சொல்கிறது. இறைச்சியில் கிருமி இல்லை என்று சொல்லவில்லை. மருந்தே உண்ணாத கோழியிலும் இத்தகைய கிருமி இருக்கக்கூடும்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமி அடுப்புக்கு அடங்கும். உட்பகுதி 75 டிகிரி செல்சியசைத் தாண்ட வெந்தால் அதுவும் மடியும். நம் குழம்பு அந்த வகையில் பாதுகாப்பானது. ஆபத்து குழம்பில் இல்லை. குழம்புக்கு முன் நடப்பதில் இருக்கிறது. நம் வீடுகளில் கோழியை மஞ்சளும் உப்பும் தேய்த்துக் குழாயடியில் நாலு முறை அலசாவிட்டால் மனம் ஒப்பாது. பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்றே சிங்கப்பூர் உணவு அமைப்பு அறிவுறுத்துகிறது. தெறிக்கும் நீர் கிருமியைத் தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரத்திலும் பரப்பிவிடும். அதே பலகையில் அடுத்து வெள்ளரிக்காயை நறுக்கினால், வெள்ளரிக்காய் அடுப்புக்குப் போவதில்லை அல்லவா? மஞ்சள் தடவுவதை நான் குறை கூறவில்லை. கிண்ணத்திலேயே தடவலாம், குழாயைத் திறக்க வேண்டியதில்லை. பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வைத்துக்கொள்வதும், தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் போதும்.

இப்படி வாய்க்குள் செல்லும் கிருமி உடனே வயிற்றுப்போக்கைத் தரவேண்டும் என்பதில்லை. குடலில் அமைதியாகத் தங்கலாம். பின்னொரு நாள் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது, மருத்துவர் முதலில் தரும் மருந்து பலிக்காமல் போகலாம். உலக அளவில் 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் 1.27 மில்லியன் பேர் மாண்டனர் என்று 2022இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இதில் இறைச்சியின் பங்கைவிட, மனிதர் மருந்தைத் தவறாக உட்கொள்வதன் பங்கே பெரிது என்பது பொதுவான கருத்து. அதற்காக அடுக்களையைக் கவனிக்காமல் விடலாகாது.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லை நம் உடலுக்கே விட்டுவிடுவோம். இந்தக் கிருமிகளை 'மருந்துக்கு அடங்காத கிருமிகள்' என்றே வகுப்பில் அழைப்போம். குறும்பு செய்யும் பிள்ளையை 'அடங்காத பிள்ளை' என்று வீட்டில் சொல்லக் கேட்டவர்களுக்கு இச்சொல்லைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இது கலைச்சொல் ஆகாது என்று சிலர் மறுக்கக்கூடும். கலைச்சொல்லை உயர்நிலைப் பள்ளியில் கற்றுக்கொள்ளட்டும். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பிள்ளை, வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லக்கூடிய சொல்லாக இருந்தால் எனக்குப் போதும்.