நனைந்த தானியத்தை மேலே வை!



புதுச்சேரி முல்லா வீதியில் ஜும்ஆ முடிந்து வரும்போது ஓர் இளைஞன் தயங்கியபடி அருகில் வந்தான். "ஹஜ்ரத்! பிரான்ஸில் மொழிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பாடம் ஃபெயிலாகி மறுபடி எழுதியவன் நான். நல்ல மார்க்கோடு வேறு சான்றிதழ் செய்து தருவதாக ஏஜெண்ட் சொல்கிறார். வாங்கலாமா?" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம்! மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். உன் மார்க் பட்டியலும் நனைந்த தானியம்தான். மறைக்காதே, மேலே வை!

மொழிப் பள்ளி உன் பழைய மார்க்கைப் பார்த்து வகுப்புப் பிரிப்பதில்லை. உனக்கு எவ்வளவு மொழி தெரியும் என்று சோதித்தே பிரிக்கிறது. கேள்வி எழுவது விசாவில்தான். மூன்று மாதத்துக்கு மேல் படிக்க வேண்டுமானால் 'கேம்பஸ் பிரான்ஸ்' வழியாகத்தான் போக வேண்டும். ஏன் இந்தப் படிப்பு? அடுத்து என்ன? செலவு யாருடையது? இதற்கு உன்னிடம் பதில் வேண்டும். ஏன் தோற்றாய், பிறகு என்ன செய்தாய் என்று உன் கடிதத்தில் நீயே எழுது. போலிச் சான்றிதழ் பிடிபட்டால் விசாவும் போகும், வாப்பாவின் சேமிப்பும் போகும், நாளை உன் சொல்லை நம்ப ஆளும் இருக்காது.

"பிறகு என்ன செய்தாய்?" என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே கிடைக்கும். 1889 முதல் இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. டெல்ஃப் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு படிகள். பள்ளி மார்க் தடையில்லை. சான்றிதழ் காலாவதியாவதும் இல்லை. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாசல் வேறு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு நிற்கும் உனக்கு இதுவே வாசல். ஓராண்டு தாமதமானாலும் பரவாயில்லை.

நபியவர்களின் கட்டளைப்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்றார்கள். அந்நிய மொழி கற்பது நமக்குப் புதிதா?

வியாபாரப் பெருமக்களே! ஏஜெண்டின் கையில் பிள்ளைகள் சிக்குமுன் ஆளுக்கொரு மாணவனின் பயிற்சிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அது வீண் போகாத முதலீடு, இன்ஷா அல்லாஹ்!