பாம்பின் பிழையா, விரலின் பிழையா?

ஹாஸ்கெல் போன்ற சார்புமுறை நிரல்மொழிகள் கணக்குக்கே உதவும், விளையாட்டுக்கு உதவா என்றொரு கருத்து நம் விடுதியில் உலவுகிறது. கொடுத்த உள்ளீடு ஒன்றாயின் விடையும் ஒன்றே என்னும் விரதம் பூண்ட மொழி, நொடிக்கு நொடி விசையழுத்தம் வாங்கும் விளையாட்டை எங்ஙனம் தாங்கும் என்கின்றனர் நண்பர்கள். சென்ற பருவம் வரை நானும் அக்கட்சியே.

பொங்கல் விழாவுக்கெனப் பைத்தானில் ஒரு பாம்பு விளையாட்டு எழுதினேன். விசையைத் தட்டிய கணமே திசை மாறும். எதிர்த்திசை மட்டும் செல்லாது. ஆடிய முதலாண்டுத் தம்பி ஒருவர், "அண்ணா, பாம்பு தானாகச் சாகிறது" என்றார். "உன் விரலுக்கு அவசரம்" என்று அவர்மேல் பழி போட்டேன். பத்து முறை ஆடியும் அக்குறை என் கண்ணில் படவில்லை.

பின்னர் ஹாஸ்கெலில், கிளாஸ் என்னும் நூலகத்தின் துணையோடு எழுதினேன். அது என்னிடம் இரண்டு சார்புகளைத் தனித்தனியே கேட்டது. ஒன்று, ஆட்டத்தின் நிலையையும் விசையையும் வாங்கிப் புதுநிலை தருவது. மற்றொன்று, காலம் கழியப் பாம்பை நகர்த்துவது. விசைப்பலகையைத் தொடுவது நூலகத்தின் பாடு. என் விதிகள் அதனை அறியா. ஆகவே கைவிரலே இல்லாமல், 'மேல், இடம், நகர்வு' என்று மூன்று சொற்களைப் பட்டியலாக ஊட்டினேன். வலப்பக்கம் சென்றுகொண்டிருந்த பாம்பு செத்தது!

காரணம் எளிது. ஒரு நகர்வு முடியுமுன் இரு விசைகள் வந்துவிட்டன. வலத்திலிருந்து மேல், முறைதான். மேலிருந்து இடம், அதுவும் முறைதான். ஆனால் பாம்பு ஓரடியும் நகரவில்லை. திரும்பித் தன் கழுத்தையே கடித்தது. கடைசியாக நகர்ந்த திசையோடு ஒப்பிட்டதும் குறை தீர்ந்தது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பைத்தானிலும் இவ்வாறு பிரித்தெழுதலாம், மறுக்கவில்லை. ஆனால் அது என்னை வற்புறுத்தவில்லையே! 'மோனாட்' என்ற சொல்லால் புதியவரை முதல் நாளே மிரட்டுவதும் வேண்டாம். ஹாஸ்கெலின் வரையறைக்குள் அம்முறை வந்ததே 1996இல்தான். நிலையும் விசையும் வாங்கும் அச்சிறு சார்பை முதலில் எழுதச் சொல்லுங்கள். மற்றவை பிறகு வரட்டும்.

படமின்றி எழுத்துத்திரையில் ஆடுவோருக்கு ஒன்று: என்டர் தட்டும்வரை விசை நிரலை எட்டாது. இடைச்சேமிப்பை முதலில் நிறுத்திவிடுங்கள். எனக்கு ஒரு மாலைப்பொழுது அதிலேயே போயிற்று.