பெருமாள்மலையைப் பெருமாள்மலை என்றே எழுதுவோம்

கோடைப் பருவம் நெருங்கும்போது நம்மில் பலரும் வாடகைக்கு விடும் வீட்டின் இணைய அறிவிப்பைத் தூசி தட்டுகிறோம். இந்த இதழுக்காகக் கொடைக்கானல் மலையில் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் பக்கங்களைத் தொடர்ந்து படித்தபோது, எல்லாமே ஒரே வீடு போலத் தோன்றியது. ‘லேக் வியூ’, ‘லக்சரி’, ‘பட்ஜெட்’, ‘பெஸ்ட் காட்டேஜ் இன் கொடைக்கானல்’. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வீடு பெருமாள்மலையில் இருக்கிறது, ஏரிக்கு 10, 12 கிலோமீட்டர் முன்பே. இன்னொன்று பூம்பாறையில், மற்றொன்று மன்னவனூர்ச் சாலையில். ஆனால் தலைப்பில் அந்த ஊரின் பெயர் இல்லை.

கேட்டால் வரும் பதில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: “பெருமாள்மலைன்னு போட்டா வெளியூர்க்காரங்களுக்கு என்ன தெரியும்?” இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, கணக்குதான் தப்பு. ‘கொடைக்கானல் ஹோட்டல்’ என்று தேடினால் முதல் பக்கத்தைப் பெரிய முன்பதிவுத் தளங்களே பிடித்துக்கொள்கின்றன. மூன்று அறை உள்ள ஒரு வீடு அந்தச் சொல்லுக்காக அவற்றோடு மோதி முன்னுக்கு வருவது நடக்கிற காரியமில்லை. ‘பூம்பாறை ஹோம்ஸ்டே’ என்று தேடுகிறவர்கள் குறைவுதான். ஆனால் அப்படித் தேடுகிறவர் எங்கே போவது என்பதை முடிவு செய்துவிட்டுத் தேடுகிறார். குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வருகிறவராக இருக்கலாம். அடுக்கடுக்கான வயல்களைப் படத்தில் பார்த்துவிட்டு வருகிறவராக இருக்கலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் ஊரில் இரண்டு நாள் தங்க ஆசைப்படுகிறவராகவும் இருக்கலாம். அவர் விலை விசாரித்துவிட்டுக் காணாமல் போகிற ஆள் இல்லை.

வட்டக்கானலைப் பாருங்கள். இஸ்ரேலிலிருந்து வந்த இளைஞர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அந்தச் சிற்றூர் ‘குட்டி இஸ்ரேல்’ என்று பேரெடுத்தது. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் ஊர்ப்பெயரை மறைத்திருந்தால் இது நடந்திருக்குமா? வில்பட்டிக்கும் பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இதே வாய்ப்பு உண்டு. நாமே அதை அழித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

தேடல் சொற்களை எங்கே எடுப்பது என்று பலர் கேட்கிறீர்கள். கூகுளின் கீவேர்ட் பிளானர், டிரெண்ட்ஸ், சொந்த இணையதளம் உள்ளவர்களுக்கு சர்ச் கன்சோல் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. பயன்படுத்துங்கள். தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரை அடித்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பார்த்தாலும் மற்றவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கீழே வரிசையாக வரும். நம்முடைய பழைய தேடல் இடையில் புகாமலிருக்க இன்காக்னிட்டோவில் பார்ப்பது நல்லது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டியது உங்கள் கைப்பேசி. விசாரிக்க அழைப்பவர் முதலில் கேட்கும் கேள்விதான் அவர் தேடிய சொல்.

“டெம்போ டிராவலர் வீட்டு வாசல் வரைக்கும் வருமா?” “டிரைவர் படுக்க இடம் இருக்கா?” “நாங்களே சமைச்சுக்கலாமா, கேஸ் அடுப்பு இருக்குல்ல?” “அம்மாவுக்கு முழங்கால் வலி, எத்தனை படி ஏறணும்?” “ராத்திரியும் வெந்நீர் வருமா?” சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து வருகிறவர்கள் கேட்பதெல்லாம் இவைதான். ‘லக்சரி இருக்கா’ என்று போனில் கேட்டவர் உண்டா? அழைப்பு வரும்போது அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் தாமாகத் தெரியும்.

அவற்றை வைத்து எழுதினால் ‘லக்சரி லேக் வியூ காட்டேஜ் கொடைக்கானல்’ என்ற தலைப்பு ‘பெருமாள்மலையில் தனி வீடு, 3 படுக்கையறை, சமையலறை, வேன் நிறுத்த இடம்’ என்று மாறும். கொடைக்கானல் என்ற பெயரை விட்டுவிடச் சொல்லவில்லை. ‘கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர்’ என்று அடுத்த வரியிலேயே தூரத்தோடு வரட்டும். சாலையிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்பதையும் எழுதுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்து வருகிறவருக்கு அந்த ஒரு வரி எந்தப் புகைப்படத்தையும் விடப் பெரிது.

முன்பதிவுத் தளமும் கூகுளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் விருந்தினர் ஊர், தேதி, ஆள் எண்ணிக்கை கொடுத்துத் தேடுகிறார். பிறகு சமையலறை, பார்க்கிங் என்று வடிகட்டுகிறார். வரைபடத்தில் வீட்டைச் சரியான இடத்தில் குறிக்காமலும், இருக்கிற வசதிகளை டிக் செய்யாமலும் தலைப்பில் மட்டும் சொற்களைக் குவித்து என்ன பயன்? கூகுளிலோ பக்கத்தின் தலைப்பு, உள்தலைப்பு, படத்தின் விளக்கவரி, எழுதியிருக்கும் செய்தி எல்லாமே கணக்கில் வரும்.

‘மெட்டா கீவேர்ட் போட்டுத் தருகிறோம்’ என்று மாதாமாதம் பணம் கேட்பவர்கள் இன்றும் மலையேறி வருகிறார்கள். தேடல் வரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. ஒரே சொல்லைப் பத்து இடத்தில் திணிப்பதும், ஊர்ப்பெயரைத் தப்புத் தப்பான எழுத்துக்கூட்டலில் அடுக்குவதும் அப்படித்தான். எழுத்துப்பிழையைத் தேடுபொறியே சரிசெய்துகொள்கிறது. திணிப்பையோ அதன் விதிகள் ஸ்பேம் என்கின்றன. கூகுள் மேப்பில் வீட்டின் பெயரோடு ‘பெஸ்ட் சீப் காட்டேஜ்’ என்று ஒட்டவைத்தால் பதிவே முடக்கப்படலாம்.

ஒரு சொல்லுக்கு மவுசு வந்ததும் எல்லோரும் அதன் மேல் விழுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2024 பிப்ரவரியில் குணா குகையில் நடக்கும் கதையான ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் வெளியானதும் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். உடனே மலையின் எந்த மூலையில் இருந்த வீட்டுக்கும் ‘குணா குகை அருகில்’ என்ற அடைமொழி வந்தது. குகைக்குள் இறங்க முடியாது, வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம் என்பதைச் சொன்ன பக்கங்கள் மிகச் சில. ஒரு மணி நேரம் வண்டியோட்டிப் போய் வேலியைப் பார்த்துத் திரும்பியவர் எழுதும் விமர்சனம் வீட்டின் பெயரில்தான் விழும். அடுத்த விருந்தினர் நம் தலைப்பைப் படிப்பதற்கு முன் அதைப் படிக்கிறார். வீடு தாங்காத சொல்லை ஏற்றினால் வருவது தவறான விருந்தினர். அவருக்கும் ஏமாற்றம், நமக்கும் கெட்ட பெயர்.

மாறாக, உண்மையில் உதவும் சொற்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. மலைக்கு வண்டியெடுக்கும் ஒவ்வொருவரும் இதைத் தேடுகிறார். இ-பாஸ் எப்படி எடுப்பது, எந்தப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவரக் கூடாது, எந்தச் சோதனைச்சாவடி வழியாக வரலாம் என்று தெளிவான தமிழில் ஒரு பக்கம் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? விதி மாறும்போதெல்லாம் அதைத் திருத்தி வைப்பவரின் வீட்டை வழி கேட்க வந்தவர்களும் பார்த்துவிட்டுப் போவார்கள். மலையாளத்திலும் அதே பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. மே மாத விடுமுறைக்கு மார்ச்சிலேயே திட்டமிடுகிறார்கள் என்பதால் இந்த வேலையைப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்குங்கள்.

கடைசியாகக் குறிஞ்சி. 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ‘குறிஞ்சி வியூ’ என்று எழுதியிருப்பவர்கள் அந்தச் சொல்லை இன்றே எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்து வீடுகள் கோயில் பெயரோடு சேர்த்து எழுதட்டும். பூவைப் பற்றியே எழுத விரும்புவோர் 2030 என்ற ஆண்டையும், பூப்பது கோடையில் அல்ல, ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில் என்பதையும் தெளிவாகச் சொல்லி இப்போதே ஒரு பக்கம் எழுதி வைக்கலாம். அப்போதுதான் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூவைப் பார்க்க வருகிறவர்கள் மே மாதத்தில் வந்து ஏமாறமாட்டார்கள்.