கைக்கு எட்டாத அரை மில்லிமீட்டர்

அங்கவடி எலும்பில் அறுவை இருக்கும் நாளில் காலையில் நான் காபி குடிக்க மாட்டேன். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருந்தவரை இந்தப் பழக்கம் மாறவில்லை. காபி குடித்தால் விரல் நடுங்கும். குடிக்காவிட்டாலும் நடுங்கும், கொஞ்சம் குறைவாக. ஆரோக்கியமான எந்தக் கையும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது ஆடிக்கொண்டேதான் இருக்கும். வயிற்றைத் திறப்பவருக்கு அது பொருட்டல்ல. எங்களுக்கு அதுதான் எல்லாம்.

சுத்தி, பட்டடை, அங்கவடி என்று காதுக்குள் சங்கிலியாக மூன்று எலும்புகள். கடைசியில் இருக்கும் அங்கவடிதான் உடம்பிலேயே சின்ன எலும்பு. உயரம் சுமார் 3 மில்லிமீட்டர், அரிசிக் குருணை மாதிரி. சிலருக்கு அது இறுகி அசையாமல் போய்விடும். பெண்களுக்கு அதிகம். “ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் காது மந்தமாயிடுச்சு டாக்டரம்மா” என்று வருவார்கள். அந்த எலும்பின் அடித்தகட்டில் அரை மில்லிமீட்டர் சொச்சத்துக்கு ஒரு துளை போட்டு, அதில் ஒரு சின்ன பிஸ்டனைப் பொருத்த வேண்டும். மரத்துப்போக ஊசி மட்டும் போட்டுத்தான் நான் செய்வேன். நோயாளி விழித்தே இருப்பார். பிஸ்டன் உட்கார்ந்த நிமிடம், நர்ஸ் தட்டில் கத்தரி வைக்கும் சத்தம் கேட்டு, துணிக்கு அடியிலிருந்து “கேக்குது டாக்டரம்மா” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகவே இந்தத் துறையில் இருந்தேன்.

எனக்கு 56 வயதானபோது ஒரு தையல்காரப் பெண் வந்தார். இரண்டு காதிலும் அதே நோய். மோசமாக இருந்த காதில் முதலில் செய்தேன். துளை போடும்போது கருவியின் நுனி மயிரிழை அளவு கீழே இறங்கியதை மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். தகட்டுக்கு அடியில் உள்காதின் திரவம். அன்று இரவெல்லாம் தலைசுற்றல், வாந்தி. அந்தக் காதில் மிச்சமிருந்த கேட்கும் திறனும் போய்விட்டது. நூற்றில் ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கையெழுத்து வாங்கும்போது நாமும் சொல்கிறோம். அந்த ஒருவரின் முகம் பிறகு மறப்பதில்லை. அதோடு அங்கவடி அறுவையை இளையவர்களிடம் விட்டுவிட்டேன்.

இந்த நடுக்கம் இல்லாதது ரோபோவின் கை. ஆனால் ரோபோ அறுவை என்றதும் நம் பத்திரிகைகள் புற்றுநோயைப் பற்றித்தான் எழுதுகின்றன. தொண்டையில் அது செய்த நன்மையை நான் குறைக்கவில்லை. நாக்கின் அடியிலோ டான்சிலிலோ இருக்கும் கட்டியை எடுக்க, முன்பு உதட்டைக் கிழித்துக் கீழ்த்தாடையைப் பிளந்து போக வேண்டியிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வைன்ஸ்டைனும் ஓ’மாலியும் வாய் வழியாகவே டா வின்சி ரோபோக் கருவியைச் செலுத்திக் காட்டினார்கள். 2009 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் 2019-இல் வெளிவந்த ஓரேட்டர் ஆய்வில், 68 நோயாளிகளில் ஒரு பாதிக்குக் கதிர்வீச்சும் மறுபாதிக்கு இந்த அறுவையும் கொடுத்துப் பார்த்தபோது, ஓராண்டு கழித்து விழுங்குவதில் அறுவைக்காரர்கள் முந்தவில்லை. மேலும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவது பெரும்பாலும் கன்னத்திலும் ஈறிலும் வரும் புகையிலைப் புற்று. டார்ச் அடித்தாலே தெரியும். வரும்போது தாடை எலும்பை அரித்திருக்கும். அங்கே ரோபோவின் கைக்கு வேலையில்லை. ஆறு மாதம் முன்னதாக ஒருவர் வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காதில்தான் மனிதக் கை உண்மையாகவே தோற்கிறது. முதலில் அங்கே கொண்டுவாருங்கள் என்பதே என் கோரிக்கை.

காக்ளியர் இம்பிளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு, 6 வயதுக்குள் வந்தால், நம் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகப் பொருத்துகிறோம். நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று சுருண்ட உள்காதுக்குள் மின்முனைக் கம்பியை நுழைக்க வேண்டும். மெதுவாக நுழைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு பிழைக்கும், மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் பிழைக்க வாய்ப்புண்டு. எவ்வளவு மெதுவாக? நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மனிதக் கை சீராக நகராது, விட்டுவிட்டு உந்தும். இயந்திரமோ நொடிக்கு 0.1 மில்லிமீட்டர் வேகத்தில் நிற்காமல் நகரும். இதற்கென்றே உருவான ஐயோட்டாசாஃப்ட் என்ற சிறு கருவிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிரான்சின் ரோபோட்டால் கருவியும் இந்த வேலையைச் செய்கிறது.

“விரலின் உணர்வு இயந்திரத்துக்கு வருமா?” என்று மூத்த நண்பர்கள் கேட்கிறார்கள். வயிற்றிலோ கழுத்திலோ அது நியாயமான கேள்வி. உள்காதில் சவ்வு கிழியும் விசை நம் விரலுக்குத் தெரியும் அளவை எட்டுவதே அரிது. கிழிந்த பிறகும் நமக்குத் தெரியாது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குழு இன்னும் ஒரு படி போனது. காதுக்குப் பின்னாலிருந்து உள்காது வரை 1.8 மில்லிமீட்டர் டிரில்லால் ஒற்றைச் சுரங்கம். வழியில் முக நரம்பு இருக்கிறது. தொட்டால் முகம் ஒருபக்கம் கோணிவிடும். ஸ்கேன் பார்த்து வகுத்த பாதையில் ரோபோ துளைத்துச் சென்றதை 2017-இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதெல்லாம் இன்னும் குறைந்த எண்ணிக்கை நோயாளிகளிடம்தான் நடந்திருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று வாங்குங்கள் என்று அதனால்தான் நான் கேட்கவில்லை. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022-இல் 34 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ரோபோ அறுவை மையம் திறந்தோம். வயிற்றுக்கும் மார்புக்கும் உருவான அந்தக் கைகள் காதுத் துளைக்குள் நுழையாது. இம்பிளான்ட் அதிகம் நடக்கும் இரண்டு அரசு மையங்களில் காதுக்கான கருவியை வையுங்கள். ஒவ்வொரு குழந்தையின் கேட்கும் அளவையும் முன்னும் பின்னும் பதிவு செய்து வெளியிடுங்கள். பேச்சுப் பயிற்சியாளர்களின் சம்பளத்தில் கைவைத்து மட்டும் இதை வாங்க வேண்டாம். பயிற்சி இல்லாத இம்பிளான்ட்டில் குழந்தைக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது.

அந்தத் தையல்காரப் பெண் இன்னும் வருடத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருகிறார். மற்றக் காதும் மந்தமாகிக்கொண்டே போகிறது, மெஷின் மாட்டியிருக்கிறார். கேட்கும் காது ஒன்றுதான் என்றால் அதில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் பழைய விதி. போன தை மாதம் வந்தபோதும் கேட்டார்: “இதுக்கும் ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டரம்மா?”

“இப்ப வேணாம்மா” என்றேன்.